சுஸ்தாலில் வெறும் சாக்ஸோடு

யாருமே கழற்றவில்லை. எங்கள் குழுத் தலைவி ஹெப்சிபா மேடம் கழற்றவில்லை, வழிகாட்டிப் பெண் லாரிஸா கழற்றவில்லை, எனக்கு முன்னால் நிற்கிற பதினோரு பேரும் பூட்ஸும் காலுமாகத்தான் நிற்கிறார்கள், ரஷ்யாவில் சுஸ்தால் என்கிற ஊரில், எண்ணூறு வருஷத்துத் தேவாலயத்தின் கல்தரையில், அகோரமாகிய நான் மட்டும் வெறும் சாக்ஸோடு நிற்கிறேன். இதைக் கண்டுபிடித்து இரண்டு நிமிடம் ஆகிறது. சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறியிருக்கிறது பாருங்கள் என்று லாரிஸா ஆங்கிலத்தில் சொன்னாள், எல்லாரும் குனிந்தார்கள், ஈரம் என்றால் நகராட்சியில் கட்டடம் பார்க்கிற எனக்கு இருபத்தைந்து வருஷமாகச் சோறு போடுகிற விஷயம், நானும் ஆர்வமாகக் குனிந்தேன், ஈரத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைப் பார்த்தேன், பூட்ஸ், பூட்ஸ், பூட்ஸ், வரிசைக் கடைசியில் சாம்பல் நிறத்தில் இரண்டு சாக்ஸ். யாரப்பா இந்தப் பட்டிக்காட்டான் என்று ஒரு கணம் நினைத்தேன், விரலை அசைத்தேன், சாக்ஸ் அசைந்தது. வாசலில் நான் கடைசியாக வந்ததுதான் தப்பு. எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது நான் கூரையிலிருந்து இறங்கும் தகர மழைநீர்க் குழாயைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன், குழாயின் வாய்க்குத் தாமரை இதழ் மாதிரி வெட்டுவேலை செய்திருக்கிறான், மழைத் தண்ணீர் விழுகிற இடத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்துகொண்டே படியேறினேன், உள்ளே விளக்கு தெரிந்தது, சாம்பிராணி வாசனை வந்தது, அவ்வளவுதான், கை மூளையைக் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம். வேளாங்கண்ணியில் கழற்றினேன், நாகூரில் கழற்றினேன், அரிசி மண்டி திறப்பு விழாவில் குத்துவிளக்கைப் பார்த்துக்கூடக் கழற்றியிருக்கிறேன். மற்றவர்களுடைய பூட்ஸெல்லாம் எங்கே என்று தோன்றாமலில்லை, தோன்றியது, உள்ளே ஷெல்ஃப் கட்டியிருப்பான், வெள்ளைக்காரன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். இப்போது கீழேயிருந்து குளிர் ஏறுகிறது. உள்ளே சூடு கிடையாதாம், சூடு பட்டால் சுவர்ச் சித்திரம் உரிந்துவிடுமாம். சித்திரத்தைப் பற்றி அத்தனை கவலைப்படுகிறார்கள்.

திரும்பிப் போய் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தால் தீர்ந்தது. இருபதடி தூரம்கூட இல்லை. ஆனால் வந்த வாசலுக்குப் பக்கத்துத் தூணின் அகன்ற அடிக்கட்டுக்குப் பின்னால் கலியமூர்த்தி நிற்கிறான். அவனைக் கடந்துதான் போக வேண்டும், சாக்ஸ் காலோடு, சத்தம் வராமல், பூனை மாதிரி, அவன் கண்ணுக்கு முன்னால். அதற்கு இந்தக் கால் இங்கேயே உறைந்து போகட்டும். கலியமூர்த்தியும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஒரே அலுவலகம், நகரமைப்புப் பிரிவு, இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கம், அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. பதவி உயர்வு வாங்கி அவன் தனி அறைக்குப் போய்விட்டான், என் கோப்புகள் அவன் மேசைக்குப் போய்த்தான் வரும், பேச்சு வார்த்தையெல்லாம் குறிப்புத்தாளில்தான். நான் பணிந்து சமர்ப்பிக்கிறேன் என்று எழுதுவேன், அவன் பேசவும் என்று எழுதுவான். பேசவும் என்று எழுதுகிறவன் பேச மாட்டான், நானும் போக மாட்டேன், கோப்பு ஆறு மாதம் தூங்கும். பழைமையான ஊர்களை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பார்த்துவர கோயில் ஊர்களிலிருந்து பதினான்கு பேரைப் பொறுக்கி ஆய்வுக் குழு என்று பெயர் வைத்து அனுப்பினார்களே, அதில் எங்கள் அலுவலகத்தில் யாரைப் பொறுக்கினார்கள்? அடுத்த மே மாதம் ஓய்வு பெறப்போகிற எங்கள் இரண்டு பேரை. படித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொல்லித்தரலாம். போதாததற்கு, மூத்தவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கட்டும், துணைக்குத் துணை என்று ஹெப்சிபா மேடம் பாசமாக ஏற்பாடு செய்துவிட்டார். மாஸ்கோவில் நாலு ராத்திரி. குளியலறையில் இடது பக்கக் குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் வருகிறது, வெந்து போவான், சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. என் மனைவி செண்பகத்துக்குப் போன் போட்டு, இடது குழாயில் கொதிக்கிற தண்ணிடி, யாரா இருந்தாலும் பாத்துத் திறக்கணும் என்று உரக்கச் சொன்னேன். எனக்கெதுக்கு இந்தத் தகவல் என்று அவள் கேட்டாள். மறுநாள் காலை அவன் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு தேவாரம் சொல்கிறாற்போல, இஸ்திரிப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது முருகா என்றான். அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

இப்போது அவன் என்னைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு மேலே கும்மட்டத்தைப் பார்க்கிறான். பார்த்துவிட்டான், சந்தேகமே இல்லை, என் காலைப் பார்த்துவிட்டான். அந்த முகத்தை எனக்குத் தெரியாதா, சிரிப்பை அடக்கும்போது அவனுக்குத் தாடை இப்படித்தான் இறுகும். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அலுவலக வாட்ஸப்பில் வந்துவிடும், அகோரம் ரஷ்யாவில் வெறுங்காலோடு அங்கப்பிரதட்சணம் என்று. நிற்கிற தோரணையைப் பார், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறான், சீக்கிரம் முடியுங்களம்மா எனக்கு ஆயிரம் வேலை என்கிற மாதிரி, உயரதிகாரி ஆட்டம். நான் மெழுகுவத்தி ஸ்டாண்டுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பித்தளை ஸ்டாண்டு, இடுப்பு உயரம், கீழ்ப்பாகம் அகலம், காலை மறைக்கும். சூடும் கொஞ்சம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை, மெழுகுவத்தியின் சூடு மேலேதான் போகிறது, இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வலது காலின் சுண்டுவிரல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தேன், பதில் வரவில்லை. சர்க்கரைக்காரன் வெறுங்காலோடு கிணற்றடிக்குக்கூடப் போகக்கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார், அவர் கிணற்றடியைத்தான் நினைத்தார், மைனஸ் ஏழு டிகிரி சுஸ்தாலை நினைக்கவில்லை. சுண்டுவிரலை எடுத்துவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, சுண்டுவிரல் என்ன வேலை செய்கிறது, அதுவும் ஒருவகையில் ஓய்வூதியர்தான். ஆனால் சுண்டுவிரலோடு நிற்காதாமே, பக்கத்து விரல், அதற்குப் பக்கத்து விரல் என்று போகுமாமே. பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்களா, செண்பகம் விமான நிலையத்தில் நிற்பாள், ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே என்பாள், போட்டுக்கொண்டுதானடி இருக்கிறேன், இரண்டும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து, தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஓர் அம்மாள் ஸ்டாண்டைச் சுற்றி என்னிடம் வந்தாள். இந்தத் தேவாலயத்தின் காவல், டிக்கெட் கிழிப்பு, மெழுகு சுரண்டல் எல்லாம் அவள்தான் போலிருக்கிறது. ரஷ்ய மொழியில் தாழ்ந்த குரலில் அதட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது, காலைப் பார்த்துவிட்டாள். சாரி, சாரி என்றேன். அவள் காலைக் காட்டவில்லை, என் தலையைக் காட்டினாள். மங்கி கேப். இங்கே ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டுமாம், பெண்கள் தலையை மூட வேண்டுமாம். கழற்ற வேண்டிய தலையை மூடி, மூட வேண்டிய காலைக் கழற்றி, ஒரு மனுஷன் இதைவிடத் தலைகீழாக ஒரு கோயிலுக்குள் வர முடியாது. அவசரமாகக் கழற்றினேன். அவள் திருப்தியாக வாசல் பக்கம் போனாள். இப்போது தலையும் குளிர்ந்தது.

லாரிஸா தூர மூலைக்கு நகர்ந்துவிட்டாள், கூட்டமும் நகர்ந்தது, நான் ஸ்டாண்டை விட்டு வரவில்லை. இன்னும் கால் மணி நேரம்தானாம், பிறகு தெற்கு வாசல் வழியாக வெளியே, அங்கேயே பஸ் நிற்கும் என்றாள். தெற்கு வாசல். என் பூட்ஸ் மேற்கு வாசலில். கால் மணி நேரத்துக்குப் பிறகு நான் பனியில் நடந்து பஸ் ஏற வேண்டும், அல்லது எல்லார் முன்னாலும் மேடத்திடம் கையைத் தூக்க வேண்டும், அல்லது கலியனைக் கடக்க வேண்டும். இந்த ஊர் எப்படி இத்தனை கோயிலோடு அப்படியே இருக்கிறது தெரியுமா என்று லாரிஸா கேட்கிறாள், குரல் கும்மட்டத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ரயில் பாதை போடும்போது இந்த ஊரை விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம், யாரும் தொடவில்லை, அதனால் எதுவும் மாறவில்லை. எங்கள் ஆட்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள், பராமரிப்பு முறை ஒன்று, தொடாமல் விடுவது. தொடாமல் விட்டால் மாறாது, அதுசரி, எனக்குத் தெரியாதா. மூன்று வருஷமாக நான் ஒன்றைத் தொடாமல்தான் வைத்திருக்கிறேன். மங்கை கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, இதுதான் வழக்கு, ஊருக்கே தெரியும், இருபத்திரண்டு வருஷச் சிநேகிதன் என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, எவனிடம் வேண்டுமானாலும் நியாயம் கேட்கலாம். கேட்டேன், எல்லாரும் தப்புத்தான் என்றார்கள். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, பத்திரிகையை எப்படிக் கொடுத்தாய் என்று. அலுவலகத் தபாலில் கொடுத்தேன். பழுப்பு உறையில் போட்டு, உதவியாளர் கையில் கொடுத்தனுப்பினேன், தபால் பதிவேட்டில் கலியன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான், வரிசை எண்கூட இருக்கிறது. பெண்டாட்டியோடு போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, குங்குமம் கொடுத்துக் கூப்பிட வேண்டிய வீடு. தாய்மாமன் வீட்டுக்கு அடுத்தபடியாகக் கூப்பிட வேண்டிய வீடு, ஏனென்றால் மாப்பிள்ளை ஜாதகத்தைக் கொண்டுவந்ததே அவன்தான், இதையும் யாரிடமும் சொல்லவில்லை. கால் மரத்துவிட்டது, இரண்டு காலும், இனி பயமில்லை, வலி தெரியாது. ஏன் தட்டோடு போகவில்லை. நேரமில்லை. இல்லை, நேரமிருந்தது. செண்பகத்துக்கு உடம்பு சரியில்லை. இல்லை, நன்றாகத்தான் இருந்தாள், ஆட்டோவில் உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டிருந்தாள். போனேன். தட்டோடு போனேன். தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, நீ பின்னாடி வா என்று அவளிடம் சொல்லிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு கேட் வரைக்கும் போனேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது, எங்கள் அலுவலகமே அங்கே இருந்தது, பொன்னாடை, லட்டு, அன்றைக்குக் காலையில்தான் பதவி உயர்வுப் பட்டியல் வந்திருந்தது, அவன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கேட்டில் கை வைத்தேன். பொறாமை, வேறென்ன, வயிறு எரிந்தது, பச்சையாகச் சொன்னால் அவ்வளவுதான். கையை எடுத்தேன். திரும்பி வந்து செண்பகத்திடம், வீடு பூட்டியிருக்கு என்றேன். அவளுக்கு இன்றுவரைக்கும் அந்த வீடு பூட்டித்தான் இருக்கிறது.

மேற்கு வாசல் திறந்த சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வெளியிலிருந்து வந்தாள், கைக்கு இரண்டாக நாலு பூட்ஸை நாடாவைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, செத்த எலியைத் தூக்குகிறாற்போல உடம்பில் படாமல். கூட்டத்தின் நடுவில் போய் நின்று லாரிஸாவிடம் படபடவென்று பொரிந்தாள். லாரிஸா கேட்டாள், கேட்கக் கேட்க உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு எங்களுக்குச் சொன்னாள். ஒரு பூட்ஸ் பனி அள்ளுகிற சவலுக்குப் பின்னால் கிடந்ததாம், ஒன்று பெஞ்சுக்கு அடியில், ஒன்று மணல் வாளிக்குள், நாலாவது அறிவிப்புப் பலகைக்குப் பின்னால். முப்பது வருஷமாக இங்கே வேலை பார்க்கிறாளாம், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம், உள்ளே நாலு ஒற்றைக்கால் மனிதர்களா வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறாளாம். நான் பூட்ஸை எங்கே வைத்தேன் என்பதை இதுவரைக்கும் நினைத்துப் பார்க்கவே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் புதுச்செருப்பை ஜோடியாக விட்டால் திரும்பக் கிடைக்காது, அதனால் ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் பிரித்து வைப்போம், ஒற்றைச் செருப்பை எவனும் எடுக்க மாட்டான். சவலும் பெஞ்சும் என்னுடையவை. மணல் வாளி யாருடையது? அறிவிப்புப் பலகை? இந்த ரஷ்யா முழுவதிலும் தேவாலய வாசலில் பூட்ஸைக் கழற்றி, அதையும் இரண்டாகப் பிரித்து ஒளித்துவைக்கிற இன்னொரு ஆள் யார் இருக்க முடியும்? திரும்பினேன். தூணுக்கு வெளியே ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து, பழுப்புச் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்க்க, கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தான். கழிப்பறைக்குப் போய்விட்டு எனக்குப் பிறகு வந்திருக்கிறான். தாடை இறுகியிருந்தது சிரிப்பை அடக்கி அல்ல, பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஹெப்சிபா மேடம் பூட்ஸைப் பார்த்தார், எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"யாரோடது சார் இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தூண் பக்கமிருந்து குரல் வந்தது.

"நாலும் எங்களோடது மேடம்."

எங்களோடது என்றான். அதைக் கேட்டு எனக்கு என்னமோ செய்தது, அது என்ன என்று யோசிப்பதற்குள் அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, செய்தித்தாளை விரித்து, பூட்ஸை அதன்மேல் போட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஏதோ சொன்னாள். குழுவின் இளசுகள் போனை எடுத்துவிட்டார்கள். நான் என்னுடையதை மாட்டி நாடாவைக் கட்டினேன், சுண்டுவிரல் சுரீரென்று வலித்தது, இருக்கிறது, சந்தோஷம். பக்கத்தில் கலியன் காலை உள்ளே நுழைத்துவிட்டான், நாடாவைக் கட்டக் குனிய முடியவில்லை, பாதி குனிகிறான், மூச்சு வாங்குகிறது, நிமிர்ந்துவிடுகிறான். போன வருஷம் முழங்கால் அறுவைச் சிகிச்சை. எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் தினமும் பஸ்ஸுக்குப் போனேன், ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. காலையில் அறையில் எப்படிக் கட்டினான், கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக் கட்டியிருப்பான், நான் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவன் மூன்றாவது தடவை குனிந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி, அவன் முன்னால் ஒரு முட்டியைப் போட்டு உட்கார்ந்து, நாடாவைப் பிடித்தேன். அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், நான் விடவில்லை.

"எந்திரிய்யா. நீ என் கால்ல விழுற மாதிரி போட்டோ எடுக்கிறானுங்க."

"விழுந்ததாவே வச்சுக்க."

இதைச் சொல்லிவிட்டேன், சொன்ன வாய் நிற்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது, பூட்ஸிடம்தான் சொன்னேன். அன்னிக்குத் தட்டோட உன் வீட்டு கேட் வரைக்கும் வந்தேன் கலியா என்றேன். லாரிஸா தெற்கு வாசலைத் திறந்துவிட்டாள், வெளிச்சம் வந்தது, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அவன் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழவில்லையோ என்று நினைத்தேன், விழாமலிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன், இன்னொரு தடவை என்னால் சொல்ல முடியாது.

"தெரியும்," என்றான். "மாடியிலேர்ந்து பாத்தேன். நீ செண்பகம் தங்கச்சிய அழைச்சிட்டுத் திரும்பி வருவேன்னு கீழ எறங்கி வந்து வாசல்ல நின்னேன். எல்லாரும் போனப்புறமும் நின்னுக்கிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், அந்நிய தேசத்துக் கோயிலில், பூப்போட்ட துணி கட்டிய அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கு ஒழுக, நாடாவில் இரண்டு முடிச்சு விழவேண்டிய இடத்தில் மூன்று விழுந்துவிட்டது. அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அவன் இன்னொரு பூட்ஸை என் பக்கம் நீட்டினான்.

"இந்தக் காலையும் கட்டு, வெரலெல்லாம் வெறைச்சுப்போச்சு," என்றான்.